சொராய்தாவுக்குத் தெரியாத இங்கிலீஷ்

சொராய்தா பின்காய்க்கு இங்கிலீஷ் தெரியாது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத் தென்பகுதியில் ஐந்து வயது நிரம்பாத யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள், சொல்வார்கள். சிலர் காரணமும் சேர்த்துச் சொல்வார்கள். "சின்ன வயசுல அவங்க அம்மா வாங்கிக் கொடுக்கல" என்பது ஒரு கட்சி. "வச்சிருந்தாங்க, விமானத்துல வரும்போது தொலைஞ்சுபோச்சு" என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் மணல்தொட்டியில் மண்ணை வாரி வீசி மோதிக்கொண்டதுண்டு.

உண்மை வேறு. சொராய்தா குடியுரிமைத் தேர்வை இங்கிலீஷில் எழுதித் தேறியவள். ஹீட்டரைச் சரிசெய்யாத வீட்டுக்காரனை இங்கிலீஷிலேயே வழக்குமன்றம் வரை இழுத்துப்போய் மன்னிப்புக் கேட்க வைத்தவள். பனியில் வண்டி ஓட்டும்போது குறுக்கே வருகிறவர்களை அவள் திட்டுகிற இங்கிலீஷை இங்கே அச்சில் தர முடியாது. ஆனால் 'எல் கிரியீட்டோ' மழலையர் பள்ளியின் மஞ்சள் கேட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்துவிட்டால் அதில் ஒரு சொல்கூட அவளுக்குத் தெரியாது. ஒன்பது வருஷமாகத் தெரியாது.

எல் கிரியீட்டோ என்றால் சில்வண்டு. பிள்ளைகள் காலையில் நுழைந்ததிலிருந்து மாலையில் போகும்வரை அங்கே எல்லாமே ஸ்பானிஷ்தான். பாட்டு, சாப்பாடு, சண்டை, சமாதானம், மூக்கு சிந்துவது உட்பட. ஆசிரியர்கள் இங்கிலீஷ் பேசக்கூடாது என்பது அந்தப் பள்ளியின் சட்டம். அது காதில் விழுந்தாலும் புரியாதவர்களாக இருக்க வேண்டும் என்பது கலை. சட்டத்தை எல்லாரும் கடைப்பிடித்தார்கள். கலையில் சொராய்தாவை மிஞ்ச ஆளில்லை.

ஒரு பையன் ஓடிவந்து இங்கிலீஷில், "ஒண்ணுக்கு வருது, ரொம்ப அவசரம்" என்பான். சொராய்தா புருவத்தைச் சுருக்கி, ஏதோ வேற்றுக்கிரகத்திலிருந்து வரும் அறிவிப்பைப் போல அதைக் கேட்பாள். அதே சமயம் அவள் கால்கள் கழிவறைப் பக்கம் நடந்துகொண்டிருக்கும். பையனும் கூடவே நடந்தபடி அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து, கையை ஆட்டி, காலை இடுக்கி, கடைசியில் வேறு வழியில்லாமல் ஸ்பானிஷ் சொல்லைத் தேடிப் பிடித்துச் சொல்வான். "அட, இதுதானா கண்ணு" என்று அவள் முகம் மலரும்போது இருவரும் கழிவறை வாசலில் நிற்பார்கள். பிள்ளைகள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். கால்களை எவனும் இதுவரை கவனித்ததில்லை.

பள்ளியில் அவளுக்கு உதவியாளாக இருந்த ரிகோ, ஹொண்டுராஸ்காரன், இளைஞன். நல்லவன், ஆனால் பிள்ளைகள் இங்கிலீஷில் ஜோக் சொன்னால் சிரித்துவிடுவான். "சிரிச்சே செத்தோம்டா" என்று சொராய்தா தலையில் அடித்துக்கொள்வாள். தலைமையாசிரியை இவெலிஸ், புவர்த்தோ ரீக்கோக்காரி. பெற்றோரோடும் அரசாங்கத்தோடும் பேசியாக வேண்டியவள் என்பதால் அவளுக்கு மட்டும் சலுகை உண்டு, அதுவும் அவள் அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. அந்த அறைக்குள் இங்கிலீஷ் பேசும் மிஷின் ஒன்று இருப்பதாகப் பிள்ளைகளிடையே நம்பிக்கை.

பெற்றோர்களுக்கு? சேர்க்கையின்போதே இவெலிஸ் விளக்கிவிடுவாள். "ஆசிரியர்கள் இங்கிலீஷ் பயன்படுத்த மாட்டார்கள்" என்று கையேட்டிலும் இருக்கிறது. பெற்றோர் அதை, புதுப் போன் வாங்கும்போது வரும் நிபந்தனைகளை வாசிக்கிற சிரத்தையோடு வாசித்தார்கள். பயன்படுத்த மாட்டார்கள் என்பது முதல் மாதத்திலேயே அவர்கள் மனதில் தெரியாது என்று மாறிப்போகும். அதற்கப்புறம் மாலையில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் நேரத்தில், கோட் மாட்டும் கொக்கிகளுக்கு அருகே நின்று போனில் எல்லாவற்றையும் பேசுவார்கள். மாமியாரைப் பற்றி, மேலதிகாரியைப் பற்றி, யார் வீட்டை விற்கிறார்கள், யார் யாரை விட்டுப் போகிறார்கள். அவர்கள் காலடியில் குந்தி உட்கார்ந்து பிள்ளைக்கு ஜிப் போட்டுக்கொண்டிருக்கும் சொராய்தா நிமிர்ந்தும் பார்க்க மாட்டாள். மறுநாள் மதியம் பள்ளிச் சமையலறையில், பீன்ஸும் சோறும் சாப்பிட்டபடி, அதைத் தொடர்கதையாக ரிகோவுக்கும் இவெலிஸுக்கும் சொல்வாள். ஆளுக்கொரு குரல் மாற்றி. சமையலறையைத் தாண்டி ஒரு வார்த்தை போனதில்லை. அது அவள் கௌரவம். அதில் அவளுக்கு இருந்த சந்தோஷம் வேறு கணக்கு.

அவள் பிறந்தது எக்குவடோரின் கடற்கரை மாநிலமான மணபியில், ஹிபிஹாபா என்ற ஊரில். மணபிக்காரர்கள் மீனிலும் வேர்க்கடலை அரைத்து ஊற்றுவார்கள், வாழைக்காயிலும் ஊற்றுவார்கள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தது, ஒவ்வாமைக்குப் பயந்து, வேர்க்கடலை என்ற பெயரைச் சொன்னாலே கைகழுவச் சொல்லும் ஒரு பள்ளிக்கூடம். புருஷனோடு மினியாபொலிஸுக்கு வந்தாள். இரண்டு குளிர்காலம் பார்த்த புருஷன், அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனான். இன்னும் பார்த்து முடியவில்லை. சொராய்தா ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் படுக்கைவிரிப்புகளோடு மல்லுக்கட்டினாள். அங்கே நாள் முழுக்க அலறிய ரேடியோவின் வானிலைச் செய்திதான் அவளுக்கு இங்கிலீஷ் வாத்தியார். பிறகு சில்வண்டுப் பள்ளியில் சாயங்காலத் தரைதுடைப்பு. ஒருநாள் அப்பா வரத் தாமதமான ஒரு குழந்தையின் அழுகையை ஆயாக்கள் இருவரும் நிறுத்த முடியாமல் திணறியபோது, சொராய்தா துடைப்பத்தைத் தலைகீழாக நிறுத்தி அதற்குத் தொப்பி போட்டு, அதனோடு சண்டை போட்டுக் காட்டினாள். குழந்தை துடைப்பத்தின் கட்சியில் சேர்ந்தது. இவெலிஸ் அடுத்த வாரமே அவளை வகுப்புக்குள் இழுத்துக்கொண்டாள். மாலைக் கல்லூரியில் படித்து வாங்கிய சான்றிதழ், முழுக்க இங்கிலீஷில், பெரிய பிள்ளைகளின் அறையில் தொங்குகிறது. நாலு வயதில் எழுத்துக் கூட்ட வராது என்பது ஆசிரியர்களுக்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பு.

அந்தப் பெரிய பிள்ளைகளின் அறைதான் இப்போது அவளிடமிருந்து போக இருந்தது. போகக் காரணமானவன் பெயர் லைனஸ்.

லைனஸுக்கு நாலே கால் வயது. பொறுப்பானவன். மற்றவர்கள் விட்டுப்போன கையுறைகளை எடுத்து ஜோடி சேர்த்து வைக்கிற ரகம். ஒரு வெள்ளிக்கிழமை தீயணைப்பு வண்டிகளைப் பற்றிய பாடம் நடந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் அவன் யோசித்திருக்கிறான். பள்ளிக்கூடத்தில் யாருக்காவது அடிபட்டால் போன் செய்ய வேண்டும். போனை எடுப்பவர் இங்கிலீஷில் பேசுவார். மாயெஸ்த்ரா சோராவுக்கோ, பிள்ளைகள் சொராய்தா டீச்சரை அப்படித்தான் கூப்பிடும், இங்கிலீஷ் தெரியாது, பாவம். ஆகவே அம்மாவின் போனை எடுத்து அவசர எண்ணை அழுத்தி, எடுத்தவரிடம் நிதானமாகச் சொன்னான்: "என் பேர் லைனஸ். இப்ப ஒண்ணும் ஆகல. எங்க ஸ்கூல்ல பெரியவங்க யாருக்கும் பேசத் தெரியாது. ஏதாவது ஆச்சுன்னா நான்தான் கூப்பிடுவேன். என் குரலை ஞாபகம் வச்சுக்கோங்க."

கால் மணி நேரத்தில் போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தவள் லைனஸின் அம்மா மாரிட் ஹால்வர்சன். காப்பீட்டு நிறுவனமொன்றில் என்னென்ன கெடுதல் நடக்கக்கூடும் என்று முன்கூட்டியே யோசிப்பது அவள் உத்தியோகம். அந்தப் பள்ளியை நடத்துகிற பெற்றோர் குழுவுக்குத் தலைவியும் அவள்தான். நடக்கக்கூடிய கெடுதல் ஒன்று, யூனிஃபாரம் போட்டுக்கொண்டு வாசலில் நின்றது. விடுவாளா?

திங்கட்கிழமை இவெலிஸின் அறைக் கதவு வெகுநேரம் சாத்தியே இருந்தது. மிஷின் ஓயாமல் ஓடுகிறது என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். மதியம் சமையலறைக்கு வந்த இவெலிஸின் முகம் புளித்திருந்தது.

"உனக்கு இங்கிலீஷ் தெரியும்னு அடிச்சுச் சொல்லிட்டேன் சோரா. நம்பிட்டாங்க."

"நம்பிட்டா சரி. அப்புறம் ஏன் உன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"அவங்க நம்பினா போதாதாம். பிள்ளைங்க நம்பணுமாம். அவங்களுக்குப் பாதுகாப்பா இருக்கோம்ங்கற நினைப்பு வரணுமாம். நீ ஒருநாள் காலையில வட்டமா உக்கார வச்சு, பத்து நிமிஷம் அவங்க முன்னாடி இங்கிலீஷ்ல பேசணும். வீடியோ எடுத்து எல்லா பெத்தவங்களுக்கும் அனுப்புவாங்க."

"மாட்டேன்னு சொன்னா?"

"பெரிய பிள்ளைங்க ரூமுக்கு வேற ஆள் போடுவாங்க. உன்னைத் தூங்கற ரூமுக்கு மாத்திடுவாங்க. பாய் விரிச்சுப் போர்வை மடிக்க. வியாழக்கிழமை சாயங்காலம் கூட்டம். அங்க முடிவு."

சொராய்தா தட்டை நகர்த்தி வைத்தாள்.

"பத்து நிமிஷம் பேசிடறேன்னே வச்சுக்கோ. பதினோராவது நிமிஷம் பிள்ளைங்க என்கிட்ட எந்த பாஷையில பேசும்?"

 பதில் இருவருக்கும் தெரியும். பிள்ளைகள் கஷ்டப்பட்டு ஸ்பானிஷ் பேசுவது மாயெஸ்த்ராவின் மேலிருக்கும் இரக்கத்தால். இரக்கத்துக்கு வேலையில்லை என்று தெரிந்த நிமிஷம் அவர்கள் ஏன் கஷ்டப்பட வேண்டும்?

அடுப்பருகே நின்ற ரிகோ, "நான் வேணா பேசிடறேன் தோன்யா" என்றான். மூத்த பெண்களை அவன் ஊரில் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். "என் இங்கிலீஷைக் கேட்டா, இங்க யாருக்கும் தெரியாதுங்கறதே நிஜம்னு முடிவு பண்ணிடுவாங்க."

"நீ பீன்ஸைக் கிண்டுடா மகனே. அடிப்பிடிக்குது."

"அந்தம்மா கேக்கறதுலயும் ஞாயம் இருக்குல்ல" என்றாள் இவெலிஸ் மெதுவாக.

"இருக்கு. அதனாலதான் இன்னும் கடுப்பா இருக்கு. தெருக்கோடியில பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் நடத்தறாரே தாடிக்காரர், ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசறதில்ல. அவர்கிட்ட யாராவது வீடியோ கேட்டாங்களா? அவர் தெரியாத மாதிரி இருந்தா அது ஸ்டைலு. நான் இருந்தா ஆபத்து."

"அப்ப என்ன சொல்லட்டும்?"

"மாட்டேன்னு சொல்லு. காரணம் கேட்டா, அதையும் சொல்ல மாட்டேன்னு சொல்லு."

சொல்ல மாட்டேன் என்ற காரணம் அவள் வீட்டில், சோபாவில் கால் நீட்டிப் படுத்துக் கடலை கொறித்துக்கொண்டிருந்தது. பெயர் நயேலி. வயது பதினேழு.

நயேலிக்கு லைனஸின் வயதிருக்கும்போதுதான் சொராய்தா குடியுரிமைத் தேர்வுக்குப் படித்தாள். பேசிப் பழக ஆள் வேண்டும். ஹோட்டலில் பேசினால் சிரித்தார்கள். குழந்தை சிரிக்காது. ஆகவே சில வாரங்கள் வீட்டில் அம்மாவும் மகளும் இங்கிலீஷில் விளையாடினார்கள். கடைக்காரி, வாடிக்கையாளர். அதிகாரி, விண்ணப்பதாரர். நயேலி பிரமாதமான அதிகாரி. தேர்வு முடிந்து அம்மா ஸ்பானிஷுக்குத் திரும்பினாள். மகள் திரும்பவில்லை. கோபமோ பிடிவாதமோ ஒன்றுமில்லை. அம்மாவுக்குப் புரிகிறது என்று தெரிந்துபோயிற்று, அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த வீட்டில் கேள்விகள் ஸ்பானிஷிலும் பதில்கள் இங்கிலீஷிலும் நடக்கின்றன. ஹிபிஹாபாவிலிருந்து பெரியம்மாக்கள் வீடியோவில் வந்தால் நயேலி திரைக்கு முன்னால் தலையாட்டி பொம்மையாக உட்கார்ந்திருப்பாள்.

வக்கீல் வீட்டுப் பொன்னிறத் தலைகளெல்லாம் சொராய்தாவிடம் கற்ற ஸ்பானிஷில் கடையில் ஐஸ்கிரீம் கேட்கின்றன, அவள் பெற்ற பெண்ணுக்கு அது வாயில் நுழையவில்லை என்று தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். நல்ல வேடிக்கைதான். சொராய்தா மட்டும் அதற்குச் சிரித்ததில்லை.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது நயேலி இங்கிலீஷில் கேட்டாள்: "பேசிட்டுப் போயேன்மா. இதுல என்ன குறைஞ்சுபோகுது?"

"நீ கேக்கறியா இதை?" என்றாள் சொராய்தா ஸ்பானிஷில்.

"ஏன், எனக்கென்ன? நான் நல்லாத்தானே இருக்கேன்."

"நல்லாத்தான் இருக்கே. உங்க பெரியம்மா போன மாசம் என்னைத் தனியாக் கூப்பிட்டு, பொண்ணுக்குப் பிறவியிலேயே பேச்சு வராதா, டாக்டர்கிட்ட காட்டினியான்னு கேட்டா."

நயேலி வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கி, அம்மாவின் தட்டில் இன்னொரு வாழைக்காய் வில்லையை வைத்தாள். "நீ விட்டுக்கொடுக்காதே" என்றாள். இங்கிலீஷில்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம். ஜனவரி. ஐந்தரைக்கே கும்மிருட்டு. பெரிய பிள்ளைகளின் அறையில், முழங்கால் உயர நாற்காலிகளில், பெற்றோர் குழு முழங்கால்களை மோவாயில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தது. சில்வண்டுப் பள்ளிக்குள் வருகிற எவரும் பூட்ஸைக் கழற்றியாக வேண்டும் என்பதால் எல்லாரும் காலுறையோடு இருந்தார்கள். சிலருடையதில் ஓட்டை. பக்கத்து அறையில் ஹீட்டர் சரியில்லை, அதனால் இடைக்கதவு திறந்தே கிடந்தது. அங்கே லைனஸும் குழுவினரின் மற்ற பிள்ளைகளும் ரிகோவின் மேல் ஏறி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

மாரிட் தொண்டையைச் செருமினாள். "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். சொராய்தா மேல எங்களுக்கு எவ்வளவு மரியாதைன்னு வார்த்தையில சொல்ல முடியாது. எங்க எல்லாருக்கும் அவங்கன்னா உயிர்."

அந்த ஊரில் யாராவது இப்படி ஆரம்பித்தால், கேட்கிறவர் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இவெலிஸ் அதை ஸ்பானிஷில் சொல்லப் போனாள். அதற்குள் சொராய்தா ஸ்பானிஷில் பதில் சொல்லிவிட்டாள்: "உயிரா இருந்தா குட்டி நாற்காலியில உக்கார வச்சு விசாரிக்க மாட்டாங்கன்னு சொல்லு."

இவெலிஸ் குழுவின் பக்கம் திரும்பி இங்கிலீஷில், "அவங்களுக்கும் உங்க மேல ரொம்பப் பிரியம்னு சொல்றாங்க" என்றாள்.

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்றாள் சொராய்தா, ஸ்பானிஷில்.

"கூட்டம் போட்டதுக்கு நன்றியும் சொல்றாங்க."

"நன்றியை எடு. அது எங்கேருந்து வந்துச்சு நடுவுல?"

நன்றி என்பதற்கான ஸ்பானிஷ் சொல் மட்டும் அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். ட்ரெவர் என்ற பல் மருத்துவர், ஒரு பெண்குழந்தையின் அப்பா, விரலை மெல்ல உயர்த்தினார். "கொஞ்சம் இருங்க. இவெலிஸ் எங்களுக்கு இங்கிலீஷ்ல சொன்னதை இவங்க இப்ப திருத்தினாங்களா?"

இவெலிஸ் குனிந்து தன் காலுறையைச் சரிசெய்தாள்.

மாரிட் முன்னால் சாய்ந்தாள். "பாருங்க சொராய்தா, இதுதான் எனக்குப் புரியல. உங்களுக்கு எல்லாமே புரியுது. ஆனா என் பையன், தான்தான் அந்த ரூமுக்கே பொறுப்புன்னு நினைச்சுக்கிட்டு இருக்கான். நாலு வயசுப் பிள்ளை மேல அப்படி ஒரு பாரம் ஏறலாமா? நீங்க ஒரே ஒரு வார்த்தை இங்கிலீஷ்ல பதில் சொல்லுங்க. இப்பவே. இதை இங்கயே முடிச்சுடலாம்."

சொராய்தா திறந்திருந்த இடைக்கதவைப் பார்த்தாள். கதவின் விளிம்பில், ரிகோவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, லைனஸ் அப்போதுதான் வந்து நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

அவள் எழுந்தாள். நேராகக் கோட் கொக்கிகளுக்குப் போய்க் கையை இரண்டு தட்டுத் தட்டினாள். ஒன்பது வருஷமாகப் பிள்ளைகளை வரிசைக்குக் கூப்பிடும் அதே கைத்தட்டல். பிறகு ஸ்பானிஷில், பிள்ளைகளிடம் பேசும் அதே குரலில், "எல்லாரும் வெளியே. முதல்ல பூட்ஸு. அப்புறம் கோட்டு. அப்புறம் தொப்பி. கையுறை கடைசியில. யாரும் தள்ளக்கூடாது" என்றாள்.

"வெளியவா? இந்தக் குளிர்லயா?" என்று யாரோ முனகினார்கள். ஆனால் ட்ரெவர் எழுந்து பூட்ஸைத் தேட ஆரம்பித்துவிட்டார், காரணம் தெரியாமலேயே. ஒருவர் எழுந்தால் மற்றவர்கள் உட்கார்ந்திருக்க முடிவதில்லை. ஒரு அப்பா முதலிலேயே கையுறையை மாட்டிக்கொண்டு, ஜிப்பைப் பிடிக்க முடியாமல் தடவினார். சொராய்தா அவர் கையுறையைக் கழற்றி, ஜிப்பை ஏற்றிவிட்டு, மறுபடி மாட்டிவிட்டாள்.

மஞ்சள் கேட்டுக்கு வெளியே, நடைபாதை விளக்கடியில், பெற்றோர் குழு மூச்சில் புகைவிட்டுக்கொண்டு நின்றது. மூக்குக்குள் ஈரம் உறைகிற குளிர். சொராய்தா கடைசியாக வந்து, கேட்டைச் சாத்தி, கொண்டியைப் போட்டாள்.

"ம்" என்றாள். "இப்ப கேளுங்க."

இங்கிலீஷில். அதுவும் எப்படிப்பட்ட இங்கிலீஷ். ஹோட்டல் சலவைப் பிரிவின் வேகம், வானிலைச் செய்தியின் தெளிவு, கூடவே அந்த ஊர்க்காரர்கள் இழுத்துப் பேசுகிற அதே இழுவை. மாரிட்டின் அம்மா பேசுவதைப் போலவே இருந்தது அது.  ஆனால் மாரிட்டும் லேசுப்பட்டவள் அல்ல.

"ஒரு குழந்தைக்கு மூச்சு முட்டினா எங்க நின்னு போன் பண்ணுவீங்க? பிள்ளைங்க முன்னாடியா?"

"மளிகை அறையில. கதவைச் சாத்திக்கிட்டு. ரெண்டு குளிர்காலத்துக்கு முன்னாடி ஒருதடவை பண்ணியாச்சு. வேர்க்கடலை ஒத்துக்காத பிள்ளை. ஊசியைத் தொடையில போட்டுட்டு, ரிகோகிட்ட பிள்ளையைக் கொடுத்துட்டு, பின்பக்கச் சந்துல பனி அள்ளல, முன்பக்கமா வாங்கன்னு சொன்னேன். வண்டி வர்றதுக்குள்ள ரிகோ மத்த பிள்ளைங்களைப் பாட வச்சுட்டான். உங்களுக்கு வந்த தகவல்ல 'பள்ளியிலிருந்து அழைத்தார்கள்'னு இருந்திருக்கும். பள்ளின்னா நான்."

ட்ரெவரின் முகம் மாறியது. அந்தப் பிள்ளை அவருடையது. இவெலிஸ் கூப்பிட்டதாகவே இத்தனை நாளும் நினைத்திருந்தார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, நன்றி என்று சொல்லத்தான், பாதியில் வேறொன்று உறைத்து நின்றார்.

"அப்ப... நாங்க கொக்கிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு போன்ல பேசறதெல்லாம்..."

"எனக்குக் காது நல்லாக் கேக்கும் டாக்டர்."

 ஒவ்வொருவரும் தத்தம் நினைவில் பின்னோக்கிப் போய், எந்தத் தேதியில் எதைச் சொன்னோம் என்று துழாவிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா கழுத்துத்துணியை மூக்கு வரை ஏற்றிக்கொண்டாள். அவர்களைப் பயமுறுத்துவது தன் நோக்கமாகவே இல்லை என்று சொராய்தா பிற்பாடு இவெலிஸிடம் சத்தியம் செய்தாள். சத்தியம் செய்யும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று இவெலிஸைக் கேட்டால், ஒண்ணுக்கு அவசரம் என்று பையன் சொல்லும்போது இருப்பதைப் போலவே இருந்தது என்கிறாள்.

மாரிட்டுக்கு மறைக்க ஒன்றுமில்லை. அவள் கொக்கிகளுக்கருகே பேசுகிறவள் அல்ல. ஆகவே அவளால் மட்டும் கேட்க முடிந்தது.

"லைனஸுக்கு நான் என்ன சொல்லட்டும்? அவன் பயந்திருக்கான்."

"உங்க பையன் பயப்படல. பயந்த பிள்ளை கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கும். அவன் போன் பண்ணினான்." சொராய்தா கையுறைக் கைகளைத் தட்டிக்கொண்டாள். "அவன் காவல் நிக்கறான், பாவப்பட்ட ஒரு பொம்பளைக்கு. அதுக்காகத்தான் என்கிட்ட ஸ்பானிஷ் பேசறான். உங்களுக்காகவோ உங்க குழுவுக்காகவோ இல்ல. அதைப் பிடுங்கிட்டு வீடியோ கொடுக்கச் சொல்றீங்க."

"என்னைக்காவது ஒருநாள் அவனுக்குத் தெரியத்தானே போகுது?"

"தெரியட்டும். பெரியவனாகித் தெரிஞ்சுக்கிட்டு என்னைத் திட்டட்டும், கேட்டுக்கறேன். ஆனா என் வாயிலேருந்து தெரியாது. எங்க வீட்டுல ஒருதடவை சில வாரம் வாயைத் திறந்தேன். அதுக்கப்புறம் பதிமூணு வருஷமா என் பொண்ணு எனக்கு என் பாஷையில பதில் சொல்லல. நான் கெட்ட அம்மா இல்ல, அவ கெட்ட பொண்ணும் இல்ல. அது அப்படித்தான் போகும், ஒரே நாள்ல. அதனால ரூமை எடுத்துக்கிட்டாலும் சரி, நான் பேச மாட்டேன். பாய் விரிக்கிற ரூம்லயும் எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அங்கேயும் கெடுத்துடுவேன்."

 மாரிட் குழுவின் பக்கம் திரும்பினாள். பற்கள் தந்தியடித்தன. "சொராய்தா அந்த ரூம்லயே இருக்கட்டும்ங்கறவங்க கை தூக்குங்க."

தடித்த கையுறைகள் உயர்ந்தன. கையுறையை முதலில் மாட்டிய அப்பா மட்டும் தூக்கவில்லை. அவருக்கு இதில் இன்னும் சமாதானமில்லை என்றார். குழந்தைகளிடம் பொய் சொல்வது பொய்தானே என்றார். சொராய்தா அவரை மரியாதையாகப் பார்த்தாள். அவர் சொல்வது அவளுக்கும் தெரியாததல்ல.

மாரிட் கையை இறக்காமலே, "அப்ப முடிவாச்சு" என்றாள். "வீடியோ வேண்டாம். ஆனா வருஷத்துக்கு ஒருதடவை இதே மாதிரி குழு முன்னாடி நீங்க பேசிக் காட்டணும். எங்க பதிவுக்கு. மே மாசம் வச்சுக்கலாமா? பூங்காவுல?"

"ஜனவரியில வச்சுக்கலாம்" என்றாள் சொராய்தா. "இதே இடத்துல."

கேட்டை நோக்கி நகர்ந்தவர்கள் நின்றார்கள். ஏனென்றால் அவள் கேட்டை மறித்து நின்றபடி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

"வந்தது வந்தீங்க. ஒன்பது வருஷமா சேர்த்து வச்சிருக்கேன். தூங்கற ரூம் ஹீட்டர் போன குளிர்காலத்துலேருந்து வேலை செய்யல. இவெலிஸ் உங்களுக்கு நாலுதடவை எழுதியாச்சு, நீங்க பரிசீலிக்கறோம்னு ரொம்ப அழகா பதில் போட்டிருக்கீங்க. அடுத்தது, காலையில பிள்ளைங்களை வெளிய விளையாட விடறதுக்கு முன்னாடி பனிச்சட்டை மாட்டறது. நானும் ரிகோவும் ரெண்டே பேர். கடைசிப் பிள்ளைக்கு மாட்டி முடிக்கறதுக்குள்ள முதல் பிள்ளை கழட்டிடுது. குழுவுல இருக்கறவங்க வாரத்துக்கு ஒருத்தர் வந்து உதவி பண்ணணும். டாக்டர், நீங்க திங்கட்கிழமை வர்றீங்க."

"நான் வர்றேன்" என்றார் ட்ரெவர், மறுபேச்சில்லாமல்.

"மூணாவது, பின்பக்கச் சந்து..."

மாரிட்டின் இமைகளில் வெண்பொடி படிந்திருந்தது. "சொராய்தா, மிச்சத்தை உள்ளே போய் உக்காந்து பேசலாமே. எல்லாத்தையும் கேக்கறோம், நிச்சயமா."

"உள்ளே எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு, சொராய்தா பின்பக்கச் சந்தில் பனி அள்ளாத விஷயத்துக்கு வந்தாள்.